கடலில் ஒரு பச்சை அம்பு: வீட்டுக் கம்ப்யூட்டரில் கப்பல் பார்க்கலாம், வாருங்கள்!

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததற்குக் காரணம் என் அம்மா. தம்பி சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கப்பலில் ஏறினால் ஆறேழு மாதம் கழித்துத்தான் மயிலாப்பூருக்குத் திரும்புவான். அதுவரை அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "இப்ப எங்கடா இருப்பான்?"

செல்போனின் சிறிய திரையில் மேப்பைக் காட்டினால் அம்மாவின் கண்ணுக்குத் தெரியாது. எனவே சென்ற ஆண்டு ரிச்சி தெருவுக்குப் போய், பெரிய மானிட்டருடன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தேன். இண்டர்நெட் இணைப்பும் கொடுத்தாயிற்று. முதல் நாளே தம்பியின் கப்பலைத் தேடிப் பிடித்தோம். சிங்கப்பூர் அருகே சின்னதாய் ஒரு பச்சை அம்பு. அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பாட்டு, படம், கேம்ஸ் என்று தொடங்குவார்கள். நாங்கள் கடலில் தொடங்கினோம். அதில் கற்றுக் கொண்டதை உங்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

அந்த அம்பு எப்படி வருகிறது?

பெரிய கப்பல்களில் ஏ.ஐ.எஸ். என்ற கருவி இருக்கும். தானாகவே அடையாளம் சொல்லும் கருவி என்று வைத்துக் கொள்ளுங்கள். கப்பலின் பெயர், இருக்கும் இடம், வேகம், போகும் திசை, சேர வேண்டிய துறைமுகம் ஆகியவற்றை வி.எச்.எப். ரேடியோ அலையில் இது அனுப்பிக் கொண்டே இருக்கும். ஓடும் கப்பல் சில விநாடிகளுக்கு ஒரு முறை அனுப்பும். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல் மூன்று நிமிடங்களுக்கு ஒரு முறை அனுப்பும்.

கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நாடு விட்டு நாடு செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களிலும், பயணிகள் கப்பல்களிலும் இது இருக்க வேண்டும் என்ற விதி 2004-ஆம் ஆண்டு இறுதியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கரையில் ஆன்டெனா வைத்திருப்பவர்கள் இந்த சிக்னலைப் பிடித்து இண்டர்நெட்டில் ஏற்றுகிறார்கள். அப்படி உருவான தளங்களில் புகழ் பெற்றது மரைன் டிராபிக். கிரேக்க நாட்டின் ஏஜியன் பல்கலைக் கழகத்தில் 2007-ல் ஆராய்ச்சியாகத் தொடங்கியது இது.

நீங்களும் பார்க்க

1. பிரவுசரைத் திறந்து, சர்ச் கட்டத்தில் மரைன் டிராபிக் என்று டைப் செய்து தளத்திற்குச் செல்லுங்கள். உலக வரைபடம் வரும். அடிப்படை வசதிகளுக்குக் கட்டணம் இல்லை.

2. மவுசின் நடுச் சக்கரத்தை உருட்டி, சென்னைக் கடற்கரையைப் பெரிதாக்குங்கள். துறைமுகத்திற்கு வெளியே வட்டப் புள்ளிகள் தெரிந்தால், அவை நங்கூரமிட்டு இடம் கிடைக்கக் காத்திருக்கும் கப்பல்கள். அம்பு வடிவில் இருப்பவை ஓடும் கப்பல்கள்.

3. நிறத்தைக் கவனியுங்கள். பச்சை என்றால் சரக்குக் கப்பல். சிவப்பு என்றால் எண்ணெய், எரிவாயு ஏற்றும் டேங்கர். நீலம் என்றால் பயணிகள் கப்பல்.

4. ஓர் அம்பின் மீது கிளிக் செய்யுங்கள். கப்பலின் பெயர், கொடி, வேகம் கிடைக்கும். எம்.எம்.எஸ்.ஐ. என்ற ஒன்பது இலக்க எண்ணும் இருக்கும். அது 419 என்று தொடங்கினால் இந்தியக் கப்பல். 636 என்றால் லைபீரியாவில் பதிவு செய்யப்பட்டது.

5. உறவினரின் கப்பலைத் தேடுவதற்குப் பெயரை விட ஐ.எம்.ஓ. எண் நல்லது. ஏழு இலக்கம். கப்பலின் பெயர் மாறலாம், சொந்தக்காரர் மாறலாம், கொடியும் மாறலாம். இந்த எண் மட்டும் மாறாது.

மாலையில் கலங்கரை விளக்கத்தின் பக்கம் நடக்கப் போகும் முன் ஒரு முறை இதைப் பார்த்து விட்டுப் போங்கள். தொலைவில் பொட்டாகத் தெரியும் கப்பலின் பெயரும், அது எந்த ஊருக்குப் போகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேரக் குழந்தைகள் அசந்து போவார்கள்.

அம்பு மறைந்த நாள்

தம்பியின் கப்பல் சிங்கப்பூரை விட்டுத் தென் ஆப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திற்குக் கிளம்பியது. சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் நடுவே உள்ள சுண்டா நீரிணையைத் தாண்டும் வரை அம்பு தெரிந்தது. மறுநாள் காலை அம்மா கம்ப்யூட்டரைப் போட்டார். அம்பு இல்லை. கடைசி சிக்னல் வந்து பல மணி நேரம் ஆகி விட்டது என்று ஒரு வரி மட்டும் இருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக்தான். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. "மெஷின் பொய் சொல்லாதுன்னு நீதானேடா சொன்ன?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கும் பயம்தான். ஆனால் கம்ப்யூட்டரில் இருந்த பதிலை நான் முன்பே படித்திருக்க வேண்டும். வி.எச்.எப். அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்வது. பூமியின் வளைவைத் தாண்டி அதனால் வெகு தூரம் போக முடியாது. கரையில் இருக்கும் ஆன்டெனாவுக்கு 20 முதல் 40 கடல் மைல் வரைதான் பொதுவாக சிக்னல் எட்டும். அதற்கு அப்பால் செயற்கைக்கோள்தான் பிடிக்க வேண்டும். அந்தத் தகவலுக்குத் தளங்கள் கட்டணம் கேட்கின்றன. ஆக, காணாமல் போனது சிக்னல்தான், கப்பல் இல்லை.

வேறு காரணங்களாலும் அம்பு மறையலாம். கடற்கொள்ளையோ தாக்குதலோ நடக்கும் பகுதிகளில், பாதுகாப்புக்காகக் கேப்டனே கருவியை நிறுத்தி வைக்கலாம். 2023 நவம்பருக்குப் பின் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது பல கப்பல்கள் அப்படிச் செய்தன. ஜி.பி.எஸ். சிக்னலைக் குழப்பும் இடங்களில், கப்பல் தரை மீது ஓடுவது போலக் கூடத் திரை காட்டும்! திரையைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். "சரி, இப்ப எங்க இருப்பான்?" என்றார். பழைய கேள்விதான். இந்த முறை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லி எக்செல்லைத் திறந்தேன்.

கயிற்றில் முடிச்சு

கப்பல் வேகத்தை ஏன் நாட் என்று சொல்கிறார்கள் தெரியுமா? ஆங்கிலத்தில் முடிச்சுக்கு அதுதான் பெயர். பாய்மரக் காலத்தில் ஒரு மரத்துண்டை நீண்ட கயிற்றில் கட்டிக் கடலில் போடுவார்கள். கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுகள் இருக்கும். கப்பல் முன்னே செல்லச் செல்லக் கயிறு உருளையிலிருந்து அவிழும். மணல் கடிகாரத்தில் சுமார் 28 விநாடி ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டுகிறது என்று எண்ணுவார்கள். எட்டு முடிச்சு என்றால் எட்டு நாட் வேகம்.

ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இது கண்டபடி வைத்த அளவு இல்லை. பூமியின் அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் கடல் மைல். எனவே வரைபடத்தின் ஓரத்தில் உள்ள அளவைக் கொண்டே மாலுமி தூரத்தை அளந்து விடலாம்.

புறப்பட்ட இடம், திசை, வேகம், நேரம் ஆகிய நான்கும் தெரிந்தால் இப்போது இருக்கும் இடத்தைக் கணக்கிடலாம். செயற்கைக்கோள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மாலுமிகள் இப்படித்தான் பெருங்கடலைத் தாண்டினார்கள். அதே கணக்கை வீட்டில் எக்செல்லில் போடலாம்.

எக்செல்லில் கடல் கணக்கு

புதிய ஷீட்டைத் திறந்து கொள்ளுங்கள். முதல் வரிசையில் தலைப்புகள். ஏ காலத்தில் தேதி, பி காலத்தில் வேகம், சி காலத்தில் மணி, டி காலத்தில் அன்றைய தூரம், இ காலத்தில் மொத்தத் தூரம்.

டி2 கட்டத்தில் =பி2*சி2 என்று டைப் செய்து எண்டர் தட்டுங்கள் (எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும்). இ2-ல் =டி2. இ3-ல் =இ2+டி3. பிறகு டி2 கட்டத்தின் வலது கீழ் மூலையில் மவுசை வைத்தால் சிறிய கூட்டல் குறி வரும். அதைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசையிலும் பார்முலா இறங்கும். இ3 கட்டத்தையும் அப்படியே இழுத்து விடுங்கள்.

தம்பியின் கப்பல் கடைசியாகத் தெரிந்தபோது வேகம் 12.5 நாட். ஒரு நாளைக்கு 24 மணி. பெருக்கினால் 300 கடல் மைல். டர்பனுக்கு மொத்தம் சுமார் 4,800 கடல் மைல் என்று தம்பி கிளம்பும்போது சொல்லியிருந்தான். அப்படியானால் 16 நாள். கிலோமீட்டரில் பார்த்தால் ஏறத்தாழ 8,890.

அம்மா தினமும் காலையில் காபி குடித்த கையோடு ஒரு வரிசை நிரப்பினார். மவுசைப் பிடிக்கவே தயங்கியவர், ஒரு வாரத்தில் செல், பார்முலா என்று பேச ஆரம்பித்தார். சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. ஒவ்வொரு நாளும் அது மேற்கே சற்று நகர்ந்தது. சாப்பாடும் பழையபடி இறங்கியது.

ஐந்தாம் நாள் தம்பியின் செய்தி வந்தது. கப்பலின் சாட்டிலைட் ஆன்டெனா பழுதாகி, இண்டர்நெட் இல்லாமல் இருந்ததாம். அப்போதும் அம்மா ஷீட்டை விடவில்லை. 16 நாளில் வர வேண்டிய கப்பல் பதினாறரை நாளில் டர்பன் அருகே பச்சை அம்பாகத் தெரிந்தது. நானும் அம்மாவும் திருப்பிக் கணக்குப் போட்டோம். 4,800-ஐ 396 மணியால் வகுத்தால் 12.1. "வழியில கடல் சரியில்லையா?" என்று தம்பியிடம் கேட்டார் அம்மா. "ரெண்டு நாள் ஆட்டம் அதிகம். வேகத்தைக் குறைச்சோம். உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான் அவன்.

கப்பலுக்குள் எப்படி வாழ்கிறார்கள்?

அதன் பிறகு அம்மாவின் கேள்விகள் மாறின. தம்பியும் நிறையச் சொல்ல ஆரம்பித்தான். அவற்றில் சில:

கடிகாரம்: சிங்கப்பூருக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். எனவே மேற்கே போகும்போது ஆறு இரவுகளில் கப்பல் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளி வைப்பார்கள். அன்றைக்கு நாளுக்கு 25 மணி! தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும். கிழக்கே போகும்போது அது பறி போகும்.

வேலை: கப்பலை ஓட்டும் அதிகாரிகள் நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு என்று சுழற்சியில் இருப்பார்கள். நள்ளிரவு 12 முதல் 4 வரை முறை வந்தவருக்குப் பகல் 12 முதல் 4 வரையும் அதே வேலைதான்.

தண்ணீர்: சுற்றிலும் கடல், குடிக்க? இன்ஜினைக் குளிர்விக்கும் நீரில் உள்ள சூட்டைக் கொண்டே கடல் நீரைக் காய்ச்சி நன்னீர் எடுக்கிறார்கள். காற்றழுத்தத்தைக் குறைத்து விட்டால் 100 டிகிரிக்கு வெகு கீழேயே தண்ணீர் கொதித்து விடும்.

ஆட்கள்: 200 மீட்டர் நீளக் கப்பலில் இருபதிலிருந்து இருபத்தைந்து பேர்தான். ஒரு தெரு நீளக் கப்பலில் இரண்டு பஸ் நிறையக் கூட ஆள் கிடையாது.

இண்டர்நெட்: மாலுமிகளுக்கு முடிந்த வரை இணைய வசதி செய்து தர வேண்டும் என்று சர்வதேச கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தில் திருத்தம் வந்து, 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. குடும்பத்துடன் பேசுவதும் தேவைதான் என்று இப்போது எழுத்திலேயே வந்து விட்டது.

இரண்டே பேர், ஒரு பாய்மரம்

இருபது பேர் இருக்கும் கப்பலுக்கே இவ்வளவு கவலைப்பட்டோமே, இரண்டே பேர் உலகைச் சுற்றினால்? நம் பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர் அதைச் செய்திருக்கிறார். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா ஆகிய கடற்படை அதிகாரிகள் இருவரும் 56 அடி நீளமுள்ள தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாக்லாந்து தீவு, தென் ஆப்பிரிக்கா வழியாக உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பினார்கள்.

வழியில் பசிபிக் கடலில் நீமோ முனை என்ற இடத்தையும் கடந்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் நிலம் சுமார் 2,688 கிலோமீட்டருக்கு அப்பால்தான். விண்வெளி நிலையம் தலைக்கு மேல் செல்லும்போது, அருகில் இருக்கும் வேற்று மனிதர்கள் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் விண்வெளி வீரர்கள்தான்! இந்த முனையை 1992-ல் கண்டு சொன்ன லுகாடேலா என்ற நில அளவைப் பொறியாளர் அங்கே போகவே இல்லை. கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றின் உதவியால் கணக்கிட்டே சொன்னார்.

கம்ப்யூட்டரும் செயற்கைக்கோளும் உயிர் காத்த கதையும் உண்டு. 2018-ல் கமாண்டர் அபிலாஷ் டோமி தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் போட்டியில் இருந்தார். ஜி.பி.எஸ். இல்லாமல், சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்து வழி காண வேண்டும் என்பது போட்டி விதி. செப்டம்பர் 21-ஆம் தேதி தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகில் பலத்த அடி. செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பினார். அந்தப் படகைக் கடற்படையின் பி-8ஐ விமானம் தேடிக் கண்டது. நம் அரக்கோணம் தளத்தில் இருக்கும் வகை விமானம் அது. மூன்றாம் நாள் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அவர் மீண்டும் அதே போட்டிக்குப் போய், 2023-ல் இரண்டாவதாக வந்தார்.

உங்களுக்குத் தெரியுமா?

* உலகமெங்கும் இரட்டை உடல் படகுகளைக் குறிக்கும் கேட்டமரான் என்ற ஆங்கிலச் சொல், நம் கட்டுமரத்திலிருந்து போனது.

* கடற்கரை மணலில் நிற்பவருக்கு அடிவானம் சுமார் 4.5 கிலோமீட்டரில் இருக்கும். 45 மீட்டர் உயரத்தில் ஏறினால் 24 கிலோமீட்டர். கண் மட்டத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57-ஆல் பெருக்கினால் விடை கிலோமீட்டரில் வரும். எக்செல்லில் முயன்று பாருங்கள்.

* மெரினா கலங்கரை விளக்கம் 1977-ல் செயல்படத் தொடங்கியது. லிப்ட் உள்ள கலங்கரை விளக்கம் என்பது இதன் சிறப்பு.

* இரவில் கப்பலின் இடப்புறம் சிவப்பு விளக்கும் வலப்புறம் பச்சை விளக்கும் எரியும். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் கப்பல் நம்மை நோக்கி வருகிறது என்று பொருள்.

* கொண்டல் என்றால் கீழ்க்காற்று, கச்சான் என்றால் மேல்காற்று, வாடை என்றால் வடகாற்று. ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் தமிழில் தனிப் பெயர் உண்டு.

திரையில் இல்லாத படகுகள்

அம்மாவின் கம்ப்யூட்டர் புகழ் நொச்சிக்குப்பம் வரை போய் விட்டது. லூப் சாலையில் நாங்கள் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா ஒரு நாள் கேட்டார். "இன்னா தம்பி, உன் தம்பி கப்பலு வூட்லயே தெரியுதாமே? எம் புள்ள போட்டு தெரியுமான்னு பாரேன்."

அன்று மாலை தேடிப் பார்த்தேன். சாந்தோமுக்கு நேரே கடல் காலியாக இருந்தது. ஆனால் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அதே கடலில் பத்துப் பதினைந்து பைபர் படகுகள். கடலுக்குப் போகும் சிறிய படகுகளில் பெரும்பாலானவற்றில் ஏ.ஐ.எஸ். இல்லை. ஆப்பிரிக்காவில் இருக்கும் தம்பியைத் தெரிகிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் பிள்ளையைத் தெரியவில்லை. அந்த அக்காவிடம் மறுநாள் உண்மையைச் சொன்னேன். "அப்டித்தான் நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

அவருக்குப் பயன்படும்படி வேறு என்ன இருக்கிறது என்று தேடினேன். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் தளத்தில் அலை உயரம், காற்று, நீரோட்டம் பற்றிய முன்னறிவிப்பு கிடைக்கிறது. கட்டணம் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த கன்னியாகுமரி மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை. 2019-ல் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் மீனவரின் செல்போனுக்குத் தரும். ஆனால் ஒரு வழிப் பாதைதான். இதைக் கொண்டு படகிலிருந்து கரைக்குப் பேச முடியாது. இருபுறமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் பின்னர்தான் படகுகளுக்கு வரத் தொடங்கின. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. இதை எழுதிக் கொடுத்து விட்டு வந்தேன்.

இப்போது அம்மா காலையில் இரண்டு தளங்களைத் திறக்கிறார். முதலில் தம்பியின் அம்பு. அடுத்து சென்னைக் கடலின் அலை உயரம். அலை அதிகம் என்று தெரிந்தால் அந்த அக்காவுக்குப் போன் போடுகிறார். பெரும்பாலான நாட்களில், "அவன் காத்தைப் பாத்துட்டுப் போவலக்கா, வூட்லதான் கீறான்" என்று பதில் வரும். அதைக் கேட்டால்தான் அம்மாவுக்கு நிம்மதி.

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள். இந்தத் தளங்கள் பார்த்துத் தெரிந்து கொள்ள மட்டுமே. இவற்றை நம்பிப் படகு ஓட்டக் கூடாது. உறவினர் எந்தக் கப்பலில், எங்கே இருக்கிறார் என்பதைப் பேஸ்புக்கில் போடாதீர்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, மாலையில் அரை மணி நேரம் இருக்கிறது என்றால், இன்றே சென்னைக் கடலைத் திறந்து பாருங்கள். திரையில் தெரியும் கப்பல்களை எண்ணுங்கள். பிறகு கடற்கரைக்குப் போய், திரையில் தெரியாத படகுகளையும் எண்ணிப் பாருங்கள்.